புட்டியில் இருப்பது குளுக்கோஸா, உப்புநீரா?

அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் படுத்திருக்கும் கூடத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? முந்தின இரவு முதல் ஒன்றும் உண்ணாத ஒரு பெரியவர் கட்டிலில் படுத்திருப்பார். கையில் ஊசி பொருத்தப்பட்டிருக்கும். மேலே தொங்கும் புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கிக்கொண்டிருக்கும். அருகில் நிற்கும் மகள், நலம் விசாரிக்க வருவோரிடமெல்லாம், "அப்பாவுக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது" என்று சொல்வார். அவ்வழியே வரும் செவிலியர், "இது குளுக்கோஸ் இல்லை அம்மா, சலைன்" என்று திருத்தினால் மகளின் மனம் ஆறாது. "ராத்திரியிலிருந்து பட்டினியாகக் கிடக்கிறாரே, சிஸ்டர்! தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டிலாவது போடக் கூடாதா?" என்று கேட்பார்.

அன்பினால் பிறந்த கேள்விதான் அது. ஆனால், அந்தப் பெரியவர் நீரிழிவு உள்ளவராயிருந்தால், மகள் கேட்கும் அந்தப் புட்டி அவருக்குத் தீங்காக முடியலாம். நீரிழிவே இல்லாதவருக்கும் அது வேண்டாத சுமையாகலாம். வேறு சிலருக்கோ அதே புட்டி உயிர் காக்கும் மருந்து! இது எப்படி? விடை காண, முதலில் புட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நிறம் ஒன்று, பொருள் வேறு

சிரைக்குள் ஏற்றப்படும் நீர்மங்கள் எல்லாவற்றையும் 'குளுக்கோஸ்' என்றே அழைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பார்வைக்கு எல்லாம் தெளிந்த தண்ணீர் போலவே இருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் புட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்தால் வேறுபாடு தெரியும்.

முதலாவது, 'நார்மல் சலைன்' எனப்படும் உப்புநீர். 1 லிட்டர் நீரில் 9 கிராம் சமையலுப்பு கரைந்திருக்கும். இதில் சர்க்கரை துளியும் இல்லை. இரண்டாவது, 'ரிங்கர் லாக்டேட்'. இதில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு ஆகியவற்றோடு லாக்டேட் என்னும் பொருளும் உண்டு. இதிலும் சர்க்கரை இல்லை. மூன்றாவதுதான் உண்மையான குளுக்கோஸ் புட்டி. '5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்' என்று அதில் எழுதியிருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோசின் மற்றொரு பெயரே. இதன் ஒவ்வொரு 100 மில்லி லிட்டரிலும் 5 கிராம் குளுக்கோஸ் உள்ளது. நான்காவதாக, உப்பும் குளுக்கோசும் சேர்ந்த 'டி.என்.எஸ்.' என்னும் புட்டியும் நம் மருத்துவமனைகளில் மிகுதியாகப் பயன்படுகிறது. பெயரில் சலைன் இருப்பதால் இதைச் சர்க்கரையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. குளுக்கோஸ் புட்டியில் உள்ள அதே அளவு சர்க்கரை இதிலும் உண்டு.

சிரைவழியே நீர் ஏற்றும் முறை தோன்றியபோது அதில் சர்க்கரைக்கு இடமே இல்லை. 1832-ஆம் ஆண்டில், காலராவினால் உடல் நீரையெல்லாம் இழந்து கிடந்த நோயாளிகளுக்கு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் உப்புநீரைச் சிரையில் செலுத்தினார். இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்வதே அவருடைய நோக்கம்.

அப்படியானால் குளுக்கோஸ் எதற்காக வந்தது? சிலருக்கு உப்பு வேண்டியதில்லை. தண்ணீர் மட்டுமே வேண்டியிருக்கும். ஆனால் வெறும் தண்ணீரைச் சிரைக்குள் செலுத்த முடியாது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் அது உப்பிப் பெருப்பதைப் பள்ளியில் சோதனை செய்து பார்த்திருப்பீர்கள். அதேபோல் இரத்தச் செவ்வணுக்களும் வெறும் நீரை உறிஞ்சிப் பெருத்து, வெடித்துவிடும். நீரில் 5 சதவீதம் குளுக்கோஸ் கலந்தால் அதன் அடர்வு ஏறத்தாழ இரத்தத்துக்குச் சமமாகிறது, அணுக்கள் வெடிப்பதில்லை. பின்னர் உடல் குளுக்கோசைச் செலவழித்துவிட, எஞ்சுவது தண்ணீர்தான். எனவே, இந்தப் புட்டியை 'சிரைவழியே தண்ணீர் கொடுக்கும் உபாயம்' என்று கொள்வதே பொருத்தம். தெம்பு என்று பார்த்தால், அரை லிட்டர் புட்டியில் கிடைப்பது 100 கலோரிக்கும் குறைவு. ஏறக்குறைய இரண்டு இட்லிக்கு ஈடு, அவ்வளவுதான்!

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

இனி, இந்தச் சர்க்கரை இரத்தத்தில் போய் என்ன செய்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

நலமுள்ள ஒருவர் காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும்போது, அவருடைய இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்குச் சற்றேறக்குறைய 80 முதல் 100 மில்லி கிராம் குளுக்கோஸ் இருக்கும். உடலில் உள்ள இரத்தம் 5 லிட்டர் என்று கொண்டால், அவ்வளவு இரத்தத்திலும் உள்ள மொத்தச் சர்க்கரை 4 அல்லது 5 கிராம்தான். அதாவது, ஒரு தேக்கரண்டி! அரை லிட்டர் குளுக்கோஸ் புட்டியிலோ 25 கிராம் இருக்கிறது. உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் உள்ளதைப்போல் ஐந்து மடங்கு.

'அப்படியானால் சர்க்கரை ஐந்து மடங்கு ஏறிவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். ஏறுவதில்லை. ஏறிய குளுக்கோஸ் இரத்தத்தோடு நின்றுவிடாமல், திசுக்களைச் சூழ்ந்துள்ள நீரிலும் பரவுகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து, குளுக்கோசைத் தசைகளுக்குள் அனுப்புகிறது. இரவெல்லாம் இரத்தத்துக்குச் சர்க்கரை வழங்கிக்கொண்டிருந்த கல்லீரலும் தன் கையை மடக்கிக்கொள்கிறது.

ஆம், பட்டினி கிடப்பவருக்கு உள்ளேயே ஒரு பண்டசாலை உண்டு. அதுதான் கல்லீரல். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல், அவர் உண்ணாதிருக்கும் நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் குளுக்கோசை இரத்தத்தில் விடுகிறது. அதில் 5 கிராம் மூளையின் பங்கு. ஓரிரவுப் பட்டினியில் நலமுள்ள ஒருவரின் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருப்பதற்கு இதுவே காரணம். பெரியவரின் மகள் அஞ்சியதுபோல் அவர் உடல் சர்க்கரையின்றித் தவிக்கவில்லை.

இப்போது புட்டியை ஏற்றும் வேகத்தைப் பாருங்கள். அரை லிட்டர் குளுக்கோஸ் நீரை 5 மணி நேரத்தில் மெல்ல ஏற்றினால் மணிக்கு 5 கிராம் சேர்கிறது. கல்லீரல் கொடுப்பதைவிடக் குறைவான இந்த அளவை நலமுள்ள உடல் எளிதில் சமாளித்துக்கொள்ளும். அதையே 1 மணி நேரத்தில் ஏற்றினால் 25 கிராம்! ஓய்விலிருக்கும் 60 கிலோ உடல் மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 18 கிராம் வரைதான் நன்கு எரித்துப் பயன்படுத்த முடியும். அதற்கு மேல் வருவது இரத்தத்தில் தேங்கத் தொடங்குகிறது. நீரிழிவு இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறுவது இப்படித்தான்.

அறுவைக்கு முன் வேகமாக நீர் ஏற்ற வேண்டிய கட்டம் அடிக்கடி வரும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போது இரத்த அழுத்தம் தாழ்கிறது. அதைத் தடுக்க அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று விரைவாக ஏற்றுவார்கள். அந்த வேளையில் தொங்குவது குளுக்கோஸ் புட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை மேற்சொன்ன கணக்கே காட்டிவிடும். ஆகவேதான் வேகமாக ஏற்றுவதற்குச் சர்க்கரையற்ற நீர்மத்தையே மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ரிங்கர் லாக்டேட்டில் உள்ள லாக்டேட்டைக் கல்லீரல் குளுக்கோசாக மாற்றவல்லது என்பது உண்மை. இதனால் நீரிழிவு நோயாளிக்கு அது ஆகாது என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. கணக்கைப் பாருங்கள்: அரை லிட்டரில் உள்ள லாக்டேட் முழுவதுமே குளுக்கோசாக மாறினாலும், கிடைப்பது 1¼ கிராம்தான். குளுக்கோஸ் புட்டியின் 25 கிராம் எங்கே, இது எங்கே!

கத்தி படுமுன்னே விழித்தெழும் சுரப்பிகள்

அறுவைச் சிகிச்சை உடலுக்கு ஒரு காயமே. நன்மைக்காகச் செய்யும் காயம் என்பது நமக்குத் தெரியும், உடலுக்குத் தெரியாது. புலி பாய்ந்தாலும், வண்டி மோதினாலும் அது எவ்வாறு நடந்துகொள்ளுமோ அவ்வாறே இப்போதும் நடந்துகொள்கிறது. அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் முதலிய ஹார்மோன்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. 'ஓடவோ போராடவோ சர்க்கரை வேண்டும்' என்று கல்லீரலுக்கு ஆணை பிறக்கிறது. கல்லீரல் தன் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. அதே நேரத்தில் இன்சுலின் சுரப்பது தளர்கிறது. சுரந்த இன்சுலினுக்கும் தசைகள் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. அறுவைக்கு முன்பே தோன்றும் அச்சமும் வலியுங்கூட இந்த ஆணையைத் தொடங்கி வைக்கப் போதுமானவை.

ஆகவே, அறுவை நாளன்று யாருடைய இரத்தத்திலும் சர்க்கரை சற்று ஏறத்தான் பார்க்கிறது. உள்ளேயிருந்து கல்லீரல் கொடுக்க, வெளியேயிருந்து புட்டியும் கொடுத்தால், வாங்கி வைக்க இடம் எங்கே? நீரிழிவு உள்ளவர்களிடம் இன்சுலின் முன்னமே பற்றாக்குறையாகவோ திறன் குன்றியோ இருப்பதால், அவர்களுக்கு ஏற்றம் இன்னும் மிகுதியாகிறது.

மிகுந்தால் என்ன கேடு?

இரத்தச் சர்க்கரை 180 மில்லி கிராம் அளவைத் தாண்டும்போது சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த இயலாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. சர்க்கரை தனியே போவதில்லை. தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடலில் நீர் தங்கவேண்டும் என்று ஏற்றிய புட்டியே உடல் நீரை வெளியேற்றும் விந்தை இங்கே நிகழ்கிறது! மேலும், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் திறன் சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் குறைகிறது. புண்ணில் சீழ் பிடிக்க இடம் உண்டாகிறது. தையல் ஆறத் தாமதமாகிறது. மூளையில் அடிபட்டவர்களுக்குக் குளுக்கோஸ் நீர் இரட்டைத் தீங்கு. சர்க்கரை செலவானபின் எஞ்சும் தண்ணீர் மூளைத் திசுக்களில் புகுந்து வீக்கத்தை மிகுதியாக்கும்.

தாய்மார்கள் அறியவேண்டிய ஒன்றும் உண்டு. சிசேரியன் அறுவைக்குச் சற்று முன்பு தாய்க்கு மிகுதியான குளுக்கோசை வேகமாக ஏற்றினால், அது நச்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. தாயின் இன்சுலினோ அவ்வாறு போவதில்லை. எனவே குழந்தையின் சிறு கணையம் தானே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. பிறந்து கொடி அறுபட்டதும் சர்க்கரை வருவது நின்றுவிடுகிறது. இன்சுலின் மட்டும் எஞ்சி நிற்கிறது. விளைவு, பிறந்த சிறிது நேரத்திலேயே குழந்தையின் சர்க்கரை தாழ்ந்துபோகிறது. தாயிடம் மிகுந்தது சேயிடம் குறைவாக முடிகிறது.

குளுக்கோஸ் யாருக்கு வேண்டும்?

இவற்றைப் படித்துவிட்டுக் குளுக்கோஸ் புட்டியைப் பகையாக எண்ணிவிடாதீர்கள். சர்க்கரை தாழ்வது, ஏறுவதைவிட விரைவில் கேடு செய்யும். சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் மூளை நிலைகுலையும், நினைவு தப்பும், வலிப்பு வரும். விழித்திருப்பவர் வியர்த்து, கை நடுங்கி, 'என்னவோ செய்கிறது' என்று சொல்லிவிடுவார். மயக்க மருந்தில் உறங்குபவர் எப்படிச் சொல்வார்? ஆகவே அவருடைய இரத்தத்தை அவ்வப்போது சோதிப்பது ஒன்றே வழி.

பச்சிளங் குழந்தைகளின் கல்லீரலில் சேமிப்பு மிகக் குறைவு. குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கு இன்னும் குறைவு. இவர்களுக்கு அளவறிந்து குளுக்கோஸ் கொடுக்கத்தான் வேண்டும். கல்லீரல் பெரிதும் கெட்டுப்போனவர்களுக்கும் அப்படியே. இன்சுலின் போட்டுக்கொண்டவர், அல்லது இன்சுலினைத் தூண்டும் மாத்திரையை விழுங்கியவர், அதன்பின் உண்ணாமல் கிடந்தால் அவருக்கும் குளுக்கோஸ் தேவைப்படலாம்.

சிறு வயதிலேயே தோன்றும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களின் நிலை தனிப்பட்டது. அவர்களுக்கு உண்ணாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உடல் கொழுப்பை எரித்து, கீட்டோன் என்னும் அமிலப் பொருள்களைக் குவித்துவிடும். இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை தாழும். ஆகவே துணைக்குக் குளுக்கோசும் வேண்டும். இன்சுலின் குளுக்கோசோடு பொட்டாசியத்தையும் அணுக்களுக்குள் தள்ளிவிடுவதால் அதையும் ஈடு செய்யவேண்டும். இம்மூன்றையும் ஒரே புட்டியில் கலந்து ஏற்றும் எளிய முறையை ஆல்பர்ட்டி, தாமஸ் என்னும் மருத்துவர்கள் 1979-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார்கள். இன்று பல இடங்களில் இன்சுலினைத் தனிக் கருவி மூலம் தனியே செலுத்தி, மணிக்கு மணி அளந்து கூட்டியும் குறைத்தும் வருகிறார்கள்.

எந்த அளவில் நிறுத்துவது?

'சர்க்கரையை இயல்பான அளவுக்கே இறக்கிவிட்டால் என்ன?' என்ற கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் நெடுநாள் முயன்றது. பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரில், பெரும்பாலும் இதய அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 1,548 பேரிடம் நடந்த ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் இடையே இன்சுலினால் கட்டி வைத்தபோது, அப்பிரிவில் நேர்ந்த இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தது. உலகெங்கும் மருத்துவர்கள் இதைப் பின்பற்ற முனைந்தனர்.

ஆனால் 2009-இல், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பேராய்வு வேறு முடிவைக் காட்டியது. கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்பட்டவர்களில் 27.5 சதவீதத்தினரும், 180-க்குள் இருந்தால் போதும் என்று விடப்பட்டவர்களில் 24.9 சதவீதத்தினரும் 90 நாட்களுக்குள் இறந்திருந்தனர். மிகக் கட்டுப்படுத்தியதில் பலருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தும் போயிருந்தது. ஏன் இந்த முரண்? லூவன் நகர நோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் வரை குளுக்கோஸ் சிரைவழியே ஏற்றப்பட்டது ஒரு காரணமாயிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஏற்றிய சர்க்கரையை இறக்கியதால் வந்த நன்மை, ஏற்றாத இடத்தில் கிடைக்கவில்லை போலும்! இன்று அறுவையை ஒட்டிய நேரத்தில் 100 முதல் 180 மில்லி கிராம் வரை இருப்பது பொதுவாக ஏற்கத்தக்க அளவாகக் கொள்ளப்படுகிறது.

எந்தக் கையில் எடுத்த இரத்தம்?

அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குளுக்கோஸ் புட்டியின் நீரில் 100 மில்லி லிட்டருக்கு 5,000 மில்லி கிராம் சர்க்கரை உள்ளது. நீர் ஏறிக்கொண்டிருக்கும் அதே கையில், ஊசிக்கு மேலே சோதனைக்கு இரத்தம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 20 பங்கு இரத்தத்தில் ஒரு பங்கு புட்டி நீர் கலந்தால் போதும். உண்மையில் 100 இருக்கும் சர்க்கரை, சோதனையில் ஏறத்தாழ 333 என்று காட்டும்! அதை நம்பி இன்சுலின் கொடுத்தால் நோயாளியின் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிவிடும். தமனியில் வைத்த குழாயைக் குளுக்கோஸ் நீரால் கழுவியதால் இத்தகைய விபரீதங்கள் நேர்ந்ததை அறிந்து, பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2008-ஆம் ஆண்டில் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. நீர் ஏறாத மறு கையில் இரத்தம் எடுப்பதே முறை.

நாம் செய்யவேண்டியவை

எந்தப் புட்டியை எந்த வேகத்தில் ஏற்றுவது என்பது மருத்துவரின் பொறுப்பு. அவர் சரியாக முடிவெடுக்க உதவுவது நம் பொறுப்பு.

நீரிழிவு இருந்தால் அதை அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் தவறாமல் சொல்லுங்கள். 'சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்களோ' என்று மறைக்க வேண்டாம். உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே எடுத்துச் சென்று காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை அறுவைக்கு 3 நாட்கள் முன்பே நிறுத்தவேண்டும் என்பது இப்போதைய விதி. இல்லையேல் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் பெருகும் அபாயம் உண்டு. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பட்டினியையும் தேவைக்கு மேல் நீட்ட வேண்டாம். எளிய உணவுக்கு 6 மணி நேரமும், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்பது இன்றைய வழக்கு. பால் சேர்த்த காப்பி, தண்ணீரோடு சேராது, அது உணவுக்கணக்கு. நீரிழிவினால் இரைப்பை மெதுவாக வேலை செய்பவர்களுக்கு மருத்துவர் வேறு நேரம் குறிப்பார். அதையே கடைப்பிடியுங்கள். நீரிழிவு உள்ளவருக்குக் காலை முதல் வரிசையிலேயே அறுவை நடத்தக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

அடுத்த முறை உங்கள் வீட்டார் ஒருவர் அந்தக் கட்டிலில் படுத்திருக்கும்போது, 'தெம்புக்குக் குளுக்கோஸ் போடுங்கள்' என்று கேட்காதீர்கள். மேலே தொங்கும் புட்டியின் சீட்டைப் படித்துப் பாருங்கள். அதில் டெக்ஸ்ட்ரோஸ் என்றிருந்து, படுத்திருப்பவர் நீரிழிவு உள்ளவராயும் இருந்தால், "இவருக்குச் சர்க்கரை உண்டு, சிஸ்டர், கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். புட்டியால் வரும் இரண்டு இட்லித் தெம்பைவிட, அந்த ஒரு கேள்வி அவருக்குப் பெரிய துணை.